கினோஷித்தா மொக்குத்தாரோ என்ற ஓட்டா மசாவோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டா மசாவோ யார்? கினோஷித்தா மொக்குத்தாரோ என்பவர் வேறொருவரா?

இருவரும் ஒருவரே. ஓட்டா மசாவோ (1885–1945) டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தோல்நோய்ப் பேராசிரியராக இருந்தவர். கண்ணைச் சுற்றித் தோன்றும் நீலநிற மச்சம் ஒன்றை முதன்முதலில் தெளிவாக வரையறுத்ததால், உலகெங்கும் தோல் மருத்துவர்கள் அதை இன்றும் ‘ஓட்டா மச்சம்’ என்றே அழைக்கிறார்கள். கினோஷித்தா மொக்குத்தாரோ என்பது அவர் கவிதை, நாடகம், கலை விமர்சனம், வரலாற்று ஆய்வு ஆகியவற்றை எழுதப் பயன்படுத்திய புனைபெயர். ஜப்பானிய இலக்கிய வாசகர்கள் பலருக்கு மொக்குத்தாரோவைத் தெரியும், மச்சத்தைப் பற்றித் தெரியாது. மருத்துவ மாணவர்கள் மச்சத்தைப் படிக்கிறார்கள், கவிஞரை அறியமாட்டார்கள். ஒரே மனிதரை இப்படி இரண்டாகப் பிரித்து நினைவில் வைத்திருப்பதால் அவருடைய மருத்துவமும் பாதிதான் புரிகிறது, கவிதையும் பாதிதான் புரிகிறது.

அவர் மருத்துவத்துக்கு எப்படி வந்தார்? விரும்பித்தான் படித்தாரா?

முதலில் அவர் விரும்பியது ஓவியத்தை. ஷிசுவோக்கா மாநிலத்தின் இஸு தீபகற்பத்தில், கடலோரத்தில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன இத்தோ என்ற ஊரில், 1885 ஆகஸ்ட் 1 அன்று ஒரு வணிகக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் டோக்கியோவுக்கு வந்து, ஜெர்மன் மொழிக்கு முதலிடம் கொடுத்த ஒரு பள்ளியில் சேர்ந்தார். அக்கால ஜப்பானில் மேற்கத்திய மருத்துவம் முழுக்க ஜெர்மன் மொழி வழியாகவே கற்பிக்கப்பட்டதால், அந்தப் பள்ளியில் சேர்வதே மருத்துவத்தை நோக்கிய முதல் அடியாக இருந்தது. ஓவியராக வேண்டும் என்ற ஆசையைக் குடும்பம் ஏற்கவில்லை. 1906-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

ஆனால் தூரிகையை அவர் கீழே வைக்கவே இல்லை. இதை இங்கேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறத்தையும் பரப்பையும் விளிம்பையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் அவரிடம் மருத்துவத்துக்கு முன்பே வந்துவிட்டது. தோல்நோய் மருத்துவத்தில் பாதி வேலை கண்ணால் நடப்பது.

குடும்பத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அவருடைய அண்ணன் ஓட்டா என்சோ ஒரு கட்டடப் பொறியாளர். 1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை மீட்டெடுத்த அரசுத் துறையில் பொறியியல் பிரிவின் தலைவராக இருந்தவர். சுமிதா ஆற்றின் குறுக்கே புதிய பாலங்களைக் கட்டும் பணியும் அவருடைய பொறுப்பில் இருந்தது. தம்பி தன் இளமைக் கவிதைகளில் பாடிய அதே ஆறுதான் அது. பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1926-இல், அண்ணன் இறந்துபோனார்.

‘ஐந்து சோடிக் காலணிகள்’ என்று சொல்லப்படும் பயணம் என்ன?

1907 கோடை விடுமுறையில் ஐந்து கவிஞர்கள் கியூஷு தீவுக்குச் சென்ற பயணம் அது. ‘மியோஜோ’ இதழை நடத்திய யொசானோ தெக்கான் மூத்தவர். மாணவர்களாக இருந்த மற்ற நால்வர் கிதஹாரா ஹகுஷூ, யொஷீ இசாமு, ஹிரானோ பன்ரி, மொக்குத்தாரோ. பயணக் குறிப்புகளை மாறி மாறி எழுதி டோக்கியோவில் ஒரு நாளிதழில் தொடராக வெளியிட்டார்கள். அந்தத் தொடரின் தலைப்பே பயணத்துக்கும் பெயராகிவிட்டது.

அவர்கள் தேடிப் போனது பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் கொண்டுவந்த கிறித்தவத்தின் எச்சங்களை. அந்தச் சமயம் பின்னர் தடைசெய்யப்பட்டு, நம்பியவர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒளிந்து வழிபட்ட பகுதி அது. அமக்குசா தீவில் கடற்கரையை ஒட்டிய கரடுமுரடான பாதையில் நாள் முழுவதும் நடந்து ஓஏ என்ற சிற்றூரை அடைந்தார்கள். அங்கே பல ஆண்டுகளாகத் தங்கிப் பணியாற்றிய கார்னியே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரை ஊர்மக்கள் ‘பாத்தெரு சான்’ என்று கூப்பிடுவார்கள். அவரைச் சந்தித்ததுதான் அந்தப் பயணத்தின் உச்சம்.

பலன் உடனே தெரிந்தது. ஹகுஷூவின் முதல் கவிதைத் தொகுப்பிலும் மொக்குத்தாரோவின் தொடக்கக் கவிதைகளிலும் கண்ணாடிக் குப்பிகள், தூபம், அந்நியக் கப்பல்கள், சிலுவைகள் என்று ஒரு புதிய உலகமே இறங்கியது. 1909-இல் மொக்குத்தாரோ எழுதிய ‘நான்பன்ஜி மொன்ஸென்’ என்ற நாடகமும், அந்நியரின் கோயில் வாசலில் நடப்பதாக, இதே உலகத்தைச் சேர்ந்தது. ஹகுஷூ அங்கிருந்து வேறு திசைக்குப் போனார். மொக்குத்தாரோ அதை ஆய்வாகவே மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஏடுகளைத் தேடினார். லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் ஜப்பானிலிருந்து எழுதிய கடிதங்களை மொழிபெயர்த்து 1931-இல் வெளியிட்டார்.

‘பான் சங்கம்’ என்பது என்ன? அதில் அவருடைய பங்கு என்ன?

கிரேக்கத் தெய்வமான பானின் பெயரில் 1908 டிசம்பரில் தொடங்கிய ஓவியர்–கவிஞர் கூட்டம் அது. ‘ஹோசுன்’ என்ற இதழைச் சுற்றி இருந்த ஓவியர்கள் இஷீ ஹகுத்தேய், யமமோட்டோ கனாயே, மொரித்தா த்சுனேத்தோமோ ஆகியோரும், மொக்குத்தாரோ, ஹகுஷூ, யொஷீ இசாமு ஆகிய கவிஞர்களும் தொடங்கினார்கள். பாரிஸில் கலைஞர்கள் காபிக் கடைகளில் கூடிப் பேசுவதைப் படித்த இந்த இளைஞர்கள், சுமிதா ஆற்றை சேன் நதியாக எண்ணிக்கொண்டு, ஆற்றங்கரையில் அப்படி ஓர் இடத்தைத் தேடினார்கள். அப்படிப்பட்ட காபிக் கடையே அப்போது அங்கு இல்லை. மொக்குத்தாரோ தானே அலைந்து, ரியோகொக்கு பாலத்துக்கு அருகே மேற்கத்திய உணவு பரிமாறும் ஒரு கடையின் மாடியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் புகழ்பெற்ற நாகாய் கஃபூ, தனிஸாக்கி ஜுனிச்சிரோ, தகமுரா கோத்தாரோ போன்றோரும் அந்தக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் கலைந்துவிட்டது. இதெல்லாம் நடந்தபோது அவர் மருத்துவ மாணவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அவருடைய கவிதைகள் எப்படிப்பட்டவை?

‘ரியோகொக்கு’ என்ற கவிதையை எடுத்துக்கொள்ளலாம். பெரிய படகுகள் பாலத்தின் அடியில் வரும்போது பாய்மரத்தைச் சாய்க்கின்றன. படகோட்டிகளின் குரல் கேட்கிறது. ஆற்றுக் காற்று ஈரமாக வீசுகிறது. மேற்கத்திய உணவுக்கடையின் மாடியில் ஒருவன் மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தில் நாதா ஊரின் அரிசி மதுவை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மங்கலான அந்தி வானத்தில், மல்யுத்த அரங்கத்தின் வட்டக் கூரைக்கு அப்பால், ஒரு பறவை தொலைவில் பறக்கிறது. அதைப் பார்த்ததும் அவன் மனம் ஏனோ கலங்குகிறது. கவிதை அங்கே முடிந்துவிடுகிறது, கலக்கத்துக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை.

அந்த மல்யுத்த அரங்கம் 1909-இல் திறக்கப்பட்டது. படகுகளும் அரிசி மதுவும், டோக்கியோ முன்பு எடோ என்று அழைக்கப்பட்ட பழைய காலத்தைச் சேர்ந்தவை. உணவுக்கடையும் வட்டக் கூரையும் புதிய டோக்கியோவைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே சன்னலுக்குள் வைத்து, எதன் பக்கமும் சாயாமல், கண்ணில் பட்டதைக் கண்ணில் பட்ட வரிசையில் சொல்வதுதான் அவருடைய பாணி. இன்னொரு புகழ்பெற்ற கவிதையில், பொன் துகள் மிதக்கும் ஐரோப்பிய மது நிறைந்த சிறு கோப்பையையும், மதுக்கடையின் வண்ணக் கண்ணாடியையும், அதன் ஊடே ஊதா நிறமாகத் தெரியும் தெருமழையையும் பாடுகிறார். இந்தக் கவிதைகள் 1919-இல் ‘ஷொக்குகோ நோ உத்தா’ என்ற தொகுப்பாக வந்தன. உணவுக்குப் பிந்தைய பாடல்கள் என்று பொருள். எழுதப்பட்டுச் சுமார் பத்தாண்டுகள் கழித்துத்தான் நூலாயின என்பதால், புதுமைக்குரிய பாராட்டில் பெரும்பகுதி அதற்குள் மற்றவர்களுக்குப் போய்விட்டது.

அவர் வெறும் அழகியல்வாதி என்று சிலர் ஒதுக்குவது சரியல்ல. 1910-இல் பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாகச் சமதர்மவாதிகள் மீது வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டனர். நாடே வாய் திறக்க அஞ்சிய அந்த நாட்களில், 1911-இல், ‘இசுமியா சாயக்கடை’ என்ற நாடகத்தை அவர் வெளியிட்டார். பழமையான ஒரு சாயக்கடைக் குடும்பத்துக்கு, அரசியல் கொந்தளிப்பில் சிக்கிய மகன் வீடு திரும்புகிறான். வணிகர் வீட்டில் பிறந்தவர் எழுதியது என்பதால், அந்தக் கடையின் இறுக்கமும் பாசமும் இரண்டும் உண்மையாக இருக்கின்றன.

தோல்நோய்ப் பிரிவை ஏன் தேர்ந்தெடுத்தார்?

1911-இல் பட்டம் பெற்ற பின் எந்தத் துறை என்று தயங்கியவருக்கு வழிகாட்டியவர் மோரி ஓகாய். ஓகாய் இராணுவ மருத்துவத் துறையின் உச்சப் பதவியில் இருந்தவர், அதே சமயம் அக்கால ஜப்பானிய இலக்கியத்தின் பெரும் ஆளுமைகளுள் ஒருவர். அவருடைய வீட்டில் நடந்த கவிதைக் கூட்டங்களுக்கு மொக்குத்தாரோ மாணவராகச் சென்றுவந்தார். மருத்துவத்தையும் எழுத்தையும் ஒருசேர நடத்தலாம் என்பதற்குக் கண்ணெதிரே இருந்த சான்று ஓகாய்தான். நூறு வாயில்கள் கொண்ட (பண்டைய எகிப்தின்) தீப்ஸ் மாநகரம் என்று மொக்குத்தாரோ அவரைப் பின்னர் வருணித்தார். ஓகாயைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் வாக்கியம் அதுவே.

அவர் பேராசிரியர் தொஹி கெய்சோவிடம் தோல்நோய் மருத்துவம் பயின்றார். 1916-இல் முக்தென் நகரில் (இன்றைய ஷென்யாங்) இருந்த தென் மஞ்சூரிய மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். 1920-இல் அந்தப் பணியை விட்ட பிறகு, கிமுரா ஷோஹச்சி என்ற ஓவியருடன் தாதோங் அருகே உள்ள யுன்காங் குகைகளுக்குப் போய், அங்குள்ள புத்தர் சிலைகளை நாள்தோறும் வரைந்தும் எழுதியும் ஒரு நூலை உருவாக்கினார்.

பூஞ்சை ஆய்வில் அவர் செய்த முன்னோடிப் பணி என்ன?

1921-இல் ஐரோப்பா சென்றவர் பாரிஸில் மோரிஸ் லாஞ்சரோன் என்ற பூஞ்சையியலாளருடன் சேர்ந்து ஆய்வு செய்தார். உடலிலும் தலையிலும் வரும் படர்தாமரை போன்ற தோல் நோய்களை உண்டாக்கும் பூஞ்சைகளை அதுவரை வகைப்படுத்தியவர்களில் பெரியவர் ரேமோன் சபுரோ. நோய் தோலிலும் முடியிலும் எப்படித் தோற்றமளிக்கிறது என்பதற்குச் சபுரோவின் வகைப்பாட்டில் பெரும் இடம் இருந்தது. ஆனால் ஒரே பூஞ்சை ஒருவருடைய தலையில் ஒருவிதமாகவும் இன்னொருவருடைய தொடையில் வேறுவிதமாகவும் தெரியலாம். ஓட்டாவும் லாஞ்சரோனும் 1923-இல் வெளியிட்ட புதிய வகைப்பாடு, நோயாளியை விட்டுவிட்டுப் பூஞ்சையையே பார்த்தது. வித்துகள் எப்படி உருவாகின்றன, இழைகள் எப்படிக் கிளைக்கின்றன என்று, தாவரவியலாளர் செடியை வகைப்படுத்துவது போல வகைப்படுத்தினார்கள். இந்தப் பார்வையே பிற்கால வகைப்பாடுகள் சென்ற திசை. கிழக்காசியாவில் குழந்தைகளின் தலையைத் தாக்கும் ‘மைக்ரோஸ்போரம் ஃபெருஜினியம்’ என்ற பூஞ்சைக்குப் பெயரிட்டவரும் அவரே. பூஞ்சையியல் பணிக்காக 1941-இல் பிரான்ஸ் அவருக்கு ‘லெஜியன் தொனேர்’ விருதை அளித்தது.

1924-இல் நாடு திரும்பி நகோயாவிலும், 1926 முதல் செந்தாயில் தொஹொக்கு பேரரசுப் பல்கலைக்கழகத்திலும், 1937 முதல் டோக்கியோவிலும் பேராசிரியராக இருந்தார்.

ஓட்டா மச்சம் என்பது எப்படி இருக்கும்?

பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் கன்ன எலும்பின் மேலும், நீலச் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் பரவியிருக்கும் கறை இது. தடிப்பு இராது, தடவிப் பார்த்தால் சாதாரணத் தோல்போலவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் நீலத்தின் மேல் பழுப்புப் புள்ளிகள் தூவியது போலத் தெரியும். பலருக்கு அதே பக்கத்துக் கண்ணின் வெண்விழியிலும் நீலத் திட்டு காணப்படும். முகத்தின் உணர்வுக்குரிய ட்ரைஜெமினல் நரம்பின் முதல் இரண்டு கிளைகள் பரவும் பகுதியோடு இதன் எல்லை ஒத்துப்போகிறது. வெண்விழியின் கறையையும் கன்னத்தின் கறையையும் தனித்தனியாகக் கருதாமல் ஒரே நோய்நிலையாகக் கண்டதில்தான் ஓட்டாவின் பங்களிப்பு இருக்கிறது. அவரும் தானினோவும் 1939-இல் வெளியிட்ட விவரிப்பு இன்றும் நிலைக்கிறது.

மெலனின் என்ற நிறமியைத் தரும் அணுக்கள் வழக்கமாகத் தோலின் மேலடுக்கில் இருக்க வேண்டியவை. இங்கே அவை ஆழத்தில், உள்தோலில் தங்கிவிடுகின்றன. ஆழத்திலுள்ள கருநிறமியின் மேல் விழும் ஒளியில் நீலக் கூறு அதிகமாகச் சிதறித் திரும்புவதால், கறுப்பு நமக்கு நீலமாகத் தெரிகிறது. பிறந்தவுடனோ பருவ வயதிலோ இது தோன்றும். கிழக்காசியர்களிடம் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இந்தியர்களிடமும் காணப்படுகிறது.

அது ஆபத்தானதா? போக்க முடியுமா?

பெரும்பாலோருக்கு உடலளவில் தீங்கு இல்லை. சிலருக்கு அந்தக் கண்ணில் அழுத்தம் கூடலாம், மிக அரிதாகப் புற்றுநோய் தோன்றலாம். ஆகவே கண் மருத்துவரிடம் அவ்வப்போது காட்டிக்கொள்வது அவசியம். ஓட்டாவின் காலத்தில் இதைப் போக்க நல்ல வழியில்லை. இன்று நிறமியை மட்டும் குறிவைக்கும் க்யூ-ஸ்விட்ச்டு லேசர் சிகிச்சையில், பல அமர்வுகளுக்குப் பின், பலருக்குக் கறை பெருமளவு மறைகிறது.

தொழுநோயாளிகள் விஷயத்தில் அவர் எடுத்த நிலைப்பாடு ஏன் முக்கியமானது?

என் கணிப்பில், மச்சத்தைவிடவும் பூஞ்சையைவிடவும் இதற்காகவே அவர் முதலில் நினைக்கப்பட வேண்டும்.

ஜப்பான் 1907-இல் தொழுநோய்க்கென ஒரு சட்டம் இயற்றியது. 1931-இல் அது விரிவாக்கப்பட்டு, நோயாளிகள் அனைவரையும் காப்பகங்களில் வாழ்நாள் முழுவதும் அடைத்துவைக்க வழி செய்யப்பட்டது. தீவுகளில் கட்டப்பட்ட காப்பகங்களுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மருத்துவ உலகின் அதிகாரம் மிக்கவர்கள் இந்தக் கொள்கையின் பக்கமே நின்றார்கள். பொதுமக்களிடம் இது கருணை என்றே எடுத்துச் சொல்லப்பட்டது. நோயாளிகளை ஊர் ஊராகத் தேடிக் காப்பகத்துக்கு அழைத்துச் சென்ற ஒரு பெண் மருத்துவரின் நூலை ஒட்டி 1940-இல் ‘சிறு தீவின் வசந்தம்’ என்ற திரைப்படம் வந்து, நாடே கண்ணீர் விட்டது.

ஓட்டா அந்தப் படத்தைப் பற்றி எழுதினார். தொழுநோய் குணமாகாத நோயா என்று கேட்டு, இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறது, ஆனால் அதை மருத்துவத்தால் குணப்படுத்தப் போதிய முயற்சி செய்யப்பட்டதாகச் சொல்ல முடியாது என்று பதில் எழுதினார். அழுகையும் தியாகமும் நோயாளியைத் தீவில் விட்டுத் திரும்பும் வேலையை இனிமையாக்குகின்றனவே தவிர, அவனை வீட்டுக்கு அனுப்பும் மருந்தைத் தேடவில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம். போர்க்காலத்தில், அரசின் கொள்கையைக் குறித்து, பேரரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இப்படி எழுதியது சாதாரணமல்ல.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. மருந்து தேட வேண்டுமானால் முதலில் கிருமியைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். நார்வேயின் ஹான்சன் 1873-இல் கண்டறிந்த அந்தக் கிருமி, சோதனைக்கூட ஊட்டப்பொருளில் இன்றுவரை வளர மறுக்கிறது. விலங்குகளின் உடலில் அதை வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்ற ஓட்டாவுக்குப் பலன் கிட்டவில்லை. எலியின் பாதத்தில் அதைப் பெருகச் செய்ய 1960 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மருந்து வந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் ப்ரோமின் பலனளித்த செய்தி 1943-இல் வெளியாயிற்று. ஜப்பானில் அது 1946-இல் தயாரிக்கப்பட்டது, அதாவது ஓட்டா இறந்த மறு ஆண்டில். குணப்படுத்தக்கூடிய நோய் என்று உறுதியான பின்னும் தனிமைப்படுத்தும் சட்டத்தை ஜப்பான் 1996 வரை நீக்கவில்லை. 2001-இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அந்தக் கொள்கை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஓட்டாவின் எழுத்தை அப்போதே செவிமடுத்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற எண்ணம் இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தும்போது எழாமல் இராது.

பூக்களை வரைந்தார் என்கிறார்களே, அது என்ன?

1943 மார்ச் முதல் 1945 ஜூலை வரை, கோடு போட்ட சாதாரணத் தாள்களில் செடிகொடிகளை வரைந்து வண்ணம் தீட்டினார். மொத்தம் 872 தாள்கள். பின்னர் ‘ஹியாக்காஃபு’ என்ற பெயரில் அறியப்பட்ட தொகுப்பு இது. பகலில் மருத்துவமனை, இரவில் விமானத் தாக்குதல் அபாயம், இடையே கிடைத்த நேரத்தில் தெருவோரத்துக் களையையோ வளாகத்தில் பறித்த ஒரு கிளையையோ மேசைமேல் வைத்து வரைந்திருக்கிறார். நரம்புகள் ஓடும் விதம், இலை கருகிய ஓரம், பூச்சி அரித்த துளை எதையும் விடவில்லை. ஓரத்தில் நாள், இடம், அன்றைய செய்தி ஓரிரு வரிகளில் இருக்கும். கடைசித் தாள் 1945 ஜூலை 27 அன்று வரைந்த மலை லில்லி. வயிற்று வலி இன்னும் தணியவில்லை, வீட்டில் படுத்திருக்கிறேன் என்ற குறிப்பு அதில் உள்ளது. அந்த வலி இரைப்பைப் புற்றுநோயால் வந்தது. போர் முடிந்து சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 15 அன்று, அறுபது வயதில் காலமானார்.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கெடுக்கவில்லையா?

கெடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குப் பிறகு அவருடைய கவிதைகள் குறைந்துவிட்டன. முழுநேரமாக எழுதியிருந்தால் ஹகுஷூவுக்கு இணையாகப் பேசப்பட்டிருப்பார் என்று கருதுவோர் உண்டு. அவருக்கே அந்த இழுபறி இருந்தது. ஆனால் கவிதை நின்ற இடத்தில் கட்டுரையும் வரலாறும் ஓவியமும் தொடர்ந்தன. மச்சத்தின் நீலத்தில் பழுப்புப் புள்ளிகளைக் கண்ட கண்ணும், வண்ணக் கண்ணாடி வழியே மழையை ஊதாவாகக் கண்ட கண்ணும் ஒன்றே என்பதால், எதையும் இழப்பு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவரைப் பற்றி அறிய எங்கே போகலாம்?

இத்தோவில் அவர் பிறந்த வீடு நினைவகமாக உள்ளது. 1835-இல் கட்டப்பட்ட அந்த வீடு, ஊரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய குடியிருப்பு வீடு. நூலகங்களிலும் இணையத்திலும் தேடுவோர் இரண்டு பெயர்களையும் இட்டுத் தேட வேண்டும், ஏனெனில் மருத்துவக் கட்டுரைகள் ஓட்டா என்ற பெயரிலும் மற்றவை பெரும்பாலும் மொக்குத்தாரோ என்ற பெயரிலும் கிடைக்கின்றன. கவிதையை முதலில் படிக்க விரும்புவோர் ‘ஷொக்குகோ நோ உத்தா’விலும், ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் பூ ஓவியங்களிலும் தொடங்கலாம்.